முட்டி கொடுத்த வாக்குமூலம்

வயசானால் உடம்பு மாறும் என்று ஊருக்கெல்லாம் சொல்வோம். நம் உடம்புக்கு மட்டும் அது பொருந்தாது என்று நினைத்துக்கொள்வோம். அப்படி நினைத்த முட்டாள்களில் நான் சீனியர்.

ஓசூரில் வயரிங் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் லைன் லீடராக இருக்கிறேன். பேர் பிலோமினா. இருபத்தெட்டு வயசில், நின்று நின்று இடுப்பு விட்டுப்போனபோது யோகா கற்றுக்கொண்டேன். அதே பன்னிரண்டு சூரிய நமஸ்காரம், அதே வேகம், நாற்பத்தொன்பது வயசு வரைக்கும். ஒன்றைக் குறைத்தால் ஆண்டவர் கோபித்துக்கொள்வார் என்பதுபோல ஒரு பிடிவாதம். (சூரிய நமஸ்காரத்தில் ஆண்டவருக்கு என்ன வேலை என்று எங்கள் பங்குச் சாமியார்கூடக் கேட்டதில்லை.)

ஷிஃப்டுக்கு முன் கால் மணி நேரம் எல்லோருக்கும் யோகா சொல்லித்தருவதும் நான்தான். அந்தப் பெருமையில்தான் என் தலை நிமிர்ந்தே இருந்தது. போன வருஷம் வலது முட்டி வீங்கியது. வீட்டுக்காரர் சேவியர் பார்த்துவிட்டார்.

"நாற்காலியில உக்காந்து செய்யேன் பிலோ. யாரு கேக்கப் போறா?"

"நாற்காலியில உக்காந்து செஞ்சா அதுக்குப் பேரு யோகா இல்லீங்க, ஆபீஸ் வேலை."

அந்த வாரமே எச்.ஆர். ரம்யா வந்தாள். சின்னப் பெண். "அக்கா, திங்கக்கிழமை மேனேஜ்மென்ட் ஆளுங்க கிளாஸ் பாக்க வராங்க. முடியலன்னா சொல்லுங்க, பெங்களூர்ல ஒரு மாஸ்டர் ரெடியா இருக்கார்."

"முடியலையா? எனக்கா?" என்று சிரித்தேன். உள்ளே பயம்தான். என் வகுப்பு கைவிட்டுப் போய்விடுமே! ஞாயிறு பூசை முடிந்து வந்து, ஒத்திகை என்று இருபத்துநாலு போட்டேன். (திமிர்தான், வேறென்ன?) அன்று ராத்திரி முழுக்க வலியில் பொட்டுத் தூக்கம் இல்லை.

திங்கட்கிழமை ஷெட் கதவு வழியாகப் பனி உள்ளேயே வந்துவிட்டது. காலர் மைக் மாட்டிக்கொண்டு, பல்லைக் கடித்துப் பன்னிரண்டும் போட்டேன். பார்த்தவர்களுக்கு அது சிரிப்பாகத் தெரிந்திருக்கும். கடைசியில் சவாசனம். நானும் படுத்தேன்.

"கால் விரலைத் தளர விடுங்க... கணுக்காலைத் தளர விடுங்க..."

முட்டிக்கு வந்தேன். அதோடு சரி.

ஓசூர் தாண்டித் தளி ஊர்ப் பக்கம் ஒரு ரோஜாத் தோட்டம். நடக்கிறேன், கால் தரையில் படவில்லை. வெள்ளை ரோஜாக்கள் வரிசை வரிசையாக, கன்வேயரில் போவதுபோல, மெதுவாக என்னைத் தாண்டிப் போகின்றன. பனிக்குள் ஒரு குட்டைப் பெண் நொண்டி நொண்டிக் கூடவே வருகிறாள். யாரென்று பார்த்தால் என் முட்டி. (கனவில் இதெல்லாம் சகஜம்.)

"இன்னும் எத்தனை நாளைக்குடி என்னை ஓட்டுவே?" என்றாள்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "வலிக்குதுடி. என்னால முடியல. யார்கிட்டயும் சொல்லிடாதே."

கனவில் மட்டும் சொல்லவில்லை. மைக்கிலும் சொல்லியிருக்கிறேன், இருநூறு பேருக்கு.

கண் விழித்தபோது ஷிஃப்ட் மணி அடித்துப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது. ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. லீடர் சொல்லாமல் இடத்தை விட்டு அசையக் கூடாது என்று பழக்கியவளே நான்தானே! மேனேஜ்மென்ட் ஆட்களும் ஷூவைக் கழற்றிவிட்டு நடுவில் படுத்திருந்தார்கள். அதில் ஒருவர் நல்ல குறட்டை.

மானம் கப்பலேறிவிட்டது. எழுந்து ஓடலாம் என்றால் முட்டி ஒத்துழைக்கவில்லை. அப்போது தளியிலிருந்து என் லைனுக்கு வேலைக்கு வரும் கௌரம்மா, படுத்தபடியே கன்னடமும் தமிழுமாகச் சொன்னாள்: "அக்கா, நனகூ மொணகாலு நோவு. எனக்கும் முட்டி வலிதான், நானும் சொல்லல."

"எனக்கு இடுப்பு," என்றது ஒரு குரல். "எனக்குக் கழுத்து," என்றது இன்னொன்று. கடைசியில் ரம்யா, வெட்கத்தோடு: "எனக்கு முதுகுங்க அக்கா."

பெங்களூர் மாஸ்டர் வரவில்லை. மறுவாரம் கேன்டீன் நாற்காலிகள் வந்தன. இப்போது உட்கார்ந்துதான் வகுப்பு எடுக்கிறேன். முட்டி நன்றாக இருக்கும் நாளில் எழுந்து நின்று மூன்று சூரிய நமஸ்காரம், இல்லாத நாளில் அதுவும் இல்லை. கூட்டம் முன்பைவிட அதிகம்.

வீட்டில்தான் தலை காட்ட முடியவில்லை. யார் எதை மறைத்தாலும் "உண்மையைச் சொல்றியா, மைக்கை மாட்டித் தூங்க வைக்கட்டுமா?" என்பதுதான் பேச்சு. ஆரம்பித்து வைத்தவர் சேவியர். போன வாரம் அவரே மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து இறங்கி வந்தார். "என்னங்க ஆச்சு?" என்றேன்.

"ஒண்ணுமில்லையே."

மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. "அம்மா, அந்த மைக் எங்க?"

அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.