கொடியில் காய்ந்த குத்துச்சண்டைக்காரர்கள்

தென்காசி,
ஆனி மாதம், ஞாயிறு மாலை.

அன்பும் பண்பும் நிறைந்த மைத்துனர் பரமசிவனுக்கு,

அத்தான் ஆவுடையப்பன் எழுதுவது. இங்கு சாரல் நலம், ஐந்தருவியில் தண்ணீர் நலம், உம் அக்காள் முருகம்மாளின் கோபமும் குறைவின்றி நலம். கோவையில் உம் வீட்டார் அனைவரும் சௌக்கியமாக இருக்கக் குற்றாலநாதர் அருள்புரிவாராக.

எனக்கு வெற்றிலை கிடையாது, சீட்டு கிடையாது. இருப்பது பழைய குத்துச்சண்டைப் பத்திரிகை சேர்க்கும் ஒரே பழக்கம்தான் என்பது உமக்குத் தெரியும். போலீஸில் இருந்தபோது ஒரு தடவை மேடை ஏறி, முதல் மணிச்சத்தம் அடங்குவதற்குள் படுத்துவிட்டவன் நான். மற்றவன் எப்படித்தான் நின்றான் என்று பார்க்கும் ஆசை அப்போது பிடித்தது. இந்த வருஷச் சாரல் ட்ரங்குப் பெட்டிக்குள்ளேயே புகுந்து தாளெல்லாம் ஒட்டிக்கொண்டது. வீட்டு முன்கூடமான பட்டாசாலையில் கொடி கட்டி, கிளிப் மாட்டி, அட்டைப்படம் வெளியே தெரியத் தொங்கவிட்டு ஃபேனைப் போட்டேன். என் மகள், உம் மருமகள் ஜெயபிரியாவைப் பெண் பார்க்க, புளியங்குடி எலுமிச்சை கமிஷன் கடை நல்லகண்ணு அண்ணாச்சி குடும்பத்தோடு வருகிற நாள் போன ஞாயிறு என்பது அடியோடு மறந்துபோனது. பையன் அவளோடு வேலை பார்ப்பவன், அவளே விரும்பியவன். ஆடி பிறக்குமுன் பெரியவர்கள் சரி என்று சொல்லவேண்டியதுதான் பாக்கி.

வந்தார்கள். நாலாபக்கமும் சட்டையில்லாத உடம்பு, அரைக்கால் டவுசர், மேலெல்லாம் ஈரம் மினுங்குகிறது, இரண்டு கையிலும் பூசணிக்காய் அளவுக்கு உறை. அண்ணாச்சி வீட்டம்மா சுற்றிப் பார்த்துவிட்டு, "ஐயோ பாவம்! எல்லாரும் அருவில வழுக்கி விழுந்தவுகளா? கையில இம்புட்டுப் பெரிய கட்டு போட்டிருக்கு!" என்றார். நான் வாய் திறப்பதற்குள் உம் அக்காள், "ஆமா மதினி, இவுகதான் எண்ணெய் போட்டுக் கட்டி விடுதாக" என்றுவிட்டாள். பேப்பர் கிறுக்கன் பெண்டாட்டி என்பதைவிட வைத்தியர் பெண்டாட்டி என்பது கௌரவமாம்! அந்த அம்மா உடனே காலை நீட்டி, "அப்போ என் முட்டியக் கொஞ்சம் பாருங்க அண்ணாச்சி" என்றார். பார்த்தேன். எனக்குப் பார்க்க மட்டும்தானே தெரியும்? "ஆனியில முட்டியத் தொடப்பிடாது தங்கச்சி, ஆவணியில பாப்போம்" என்று சமாளித்தேன்.

நல்லகண்ணு அண்ணாச்சியோ கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கண்ணாடியை உயர்த்தி உயர்த்தி ஒவ்வொரு படத்தின் முன்னாலும் நின்றார். கேசரியைத் தொடவில்லை. புறப்படும்போது, "இம்புட்டும் உம்மதா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். தலையை ஆட்டிவிட்டுக் காரில் ஏறியவர்தான், ஒரு வாரமாகப் போனே இல்லை. ஜெயபிரியா, "ஏம்ப்பா, அந்த ஆளுகளுக்கு ஒரு சட்டையாவது மாட்டி விட்டிருக்கக் கூடாதா?" என்று அழுதாள். எனக்குத் தாங்கவில்லை வேய்.

ஆகையால் கடிதம் கண்டதும் காரோடு கிளம்பும். பெட்டியை எடுத்துப்போய்ப் பரணில் போடும், எடைக்குப் போடும், என்னமும் செய்யும். என் பிள்ளை வாழ்க்கையைவிட இந்தக் காகிதம் எனக்குப் பெரிதில்லை, இது சத்தியம். வரும் வழியில் புளியங்குடியில் இறங்கி, பெட்டி போகப்போகிறது என்று அண்ணாச்சியிடம் பக்குவமாகச் சொல்லும். பையன் தங்கம், குடும்பமும் தங்கம். இப்படி ஒரு சம்பந்தம் தவமிருந்தாலும் கிடைக்காது.

தங்கைக்கும் பிள்ளைகளுக்கும் வற்றாத அருவியாய் என் ஆசிகள்.

இப்படிக்கு,
அத்தான் ஆவுடையப்பன்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது அண்ணாச்சி போன் செய்தார். பூரண சம்மதமாம். அவரும் இந்தப் பத்திரிகைகளைத்தான் ஊர் ஊராகத் தேடி அலைகிறாராம். நகை வேண்டாம், பாத்திரம் வேண்டாம், "அந்த ட்ரங்குப் பெட்டிய மட்டும் பிள்ளைகூட அனுப்பி வையும்" என்கிறார். ஆகவே நீர் இங்கே வரவேண்டாம். புளியங்குடியோடு இறங்கி, அந்தக் குடும்பத்தைப் பற்றி நன்றாக விசாரித்து எழுதும். எனக்கென்னவோ பையன் முழி சரியில்லை.