பஞ்சவர்ணம் அக்காவின் கால்களுக்குக் காற்று

திண்டுக்கல்லில் காற்றைத் திட்டாதவர் எவரும் இல்லை. ஆனால் அதை நேருக்கு நேர் நின்று வேலைக்கு அழைத்தவர் ஒருவர்தாம் உண்டு. அவர் எங்கள் பக்கத்து வீட்டு மாடியில் குடியிருந்த றெக்கைக்காரர். மலைக்கோட்டைப் பாறையில் மோதித் திரும்பும் காற்று எந்தத் தெருவுக்குள் எப்போது நுழையும் என்பதை, மாப்பிள்ளை வீட்டார் வருகையை அறிவிப்பதுபோல் முன்கூட்டியே அறிவிப்பார். பெரும்பாலும் அது வராது. அதற்காக அவர் முகம் வாடியதில்லை. "கெளம்பிருச்சு டீச்சர், வழியில யாரோ பிடிச்சு வச்சுக்கிட்டாங்க" என்பார்.

அவருடைய தொழில் மைக்செட். திருவிழா, காதுகுத்து, கட்சிக் கூட்டம் எதுவானாலும் அவருடைய ஒலிபெருக்கிதான் முழங்கும். சாமி, பூதம் எதிலும் அவருக்கு நம்பிக்கை கிடையாது. சோறு போட்டதென்னவோ சாமிகள்தாம். கோயில் வேப்பமரத்தில் ஏறி ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டிக்கொண்டே, கீழே நிற்கும் தர்மகர்த்தாவிடம், "உங்க சாமிக்குக் காது நல்லாக் கேட்டா என்னை எதுக்குங்க கூப்பிடுறீங்க?" என்று கேட்பார். இருந்தும் அவரைத்தான் அழைத்தார்கள். அவர் கட்டிய குழாய் கரகரத்ததில்லை.

பகலில் பாதியும் இரவில் பாதியுமாக மின்சாரம் காணாமற்போய்க்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. அவருடைய மனைவி பஞ்சவர்ணம் அக்காவுக்குச் சர்க்கரை நோய். பாதங்கள் இரண்டும் தணலில் வைத்தாற்போல் எரியும். பாதத்தின் மேல் விசிறிக் காற்று பட்டுக்கொண்டிருந்தால் மட்டுமே அவர் கண் மூடுவார். மின்சாரம் போனதும் எழுந்து நடக்கத் தொடங்கிவிடுவார். சுவரின் இந்தப் பக்கம் படுத்திருக்கும் எனக்கு அவருடைய கொலுசுச் சத்தம் கேட்கும். அதைக் கேட்டுக்கொண்டு சும்மா கிடக்க அவர் கணவரால் இயலவில்லை.

"ஒரு இன்வெர்ட்டர் வாங்கிப் போடுங்களேன்" என்று யோசனை சொன்னேன்.

"அதுக்குச் சார்ஜ் ஏறக் கரண்டு வேணுமே டீச்சர். கரண்டு இருந்தா அது எதுக்கு?" என்றார்.

ஆகவே, காற்றாலை. பழுதான ஒலிபெருக்கிகளின் வயிற்றிலிருந்து காந்தங்களைப் பிடுங்கினார். செப்புக் கம்பியைத் தாமே சுருள் சுருளாகச் சுற்றினார். பழைய ஆட்டோவின் சக்கரக்குடத்தை அச்சாக்கினார். கிணற்றுக்குப் போடும் பிளாஸ்டிக் குழாயை நீளவாக்கில் பிளந்து, மூன்று றெக்கைகளாகச் செதுக்கினார். காற்றின் திசைக்கு இயந்திரத்தைத் திருப்ப வால் ஒன்று வேண்டுமல்லவா? கல்யாணப் பந்தல் முகப்பில் தொங்கும் 'நல்வரவு' தகரப் பலகையை வாலாகப் பொருத்தினார். மைக்செட் என்ற பழைய பெயர் அன்றோடு போய், றெக்கைக்காரர் ஆனார்.

இந்தத் திட்டத்தின் முதல் எதிரி பஞ்சவர்ணம் அக்காதான்.

"ஏங்க, காத்தடிச்சா நான் பாட்டுக்கு மாடியில போயி உக்காந்துக்கிருவேன். காத்தைப் பிடிச்சுக் கரண்டாக்கி, கரண்டை மறுபடி காத்தாக்கி, அதுக்கு எதுக்கு இம்புட்டுப் பெரிய சனியன்?"

"அடிக்கிறப்பப் பேட்டரியில சேத்து வச்சுக்கிட்டு, அடிக்காதப்ப எடுத்து அடிச்சுக்கிறது புள்ள."

"சேத்து வச்ச காத்து ஊசிப் போகாதா?" என்று கேட்டுவிட்டு, அக்கா என் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

வைகாசி மாதத்தில் திறப்பு விழா நடந்தது. தெருவே மாடிக்கு ஏறி வந்தது. சிறுமலைப் பக்கம் ஓர் இலைகூட அசையவில்லை. எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம்; றெக்கைகளும் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றன. கடைசியில் அவர் ஒரு கோலை எடுத்து, கேழ்வரகுத் திரிகையைத் தள்ளுவதுபோல் ஒரு றெக்கையைத் தள்ளிவிட்டார். அரைச்சுற்றுச் சுற்றி அது நின்றது. கூட்டம் கைதட்டிவிட்டு, கொடுத்த பன்னீர் சோடாவைக் குடித்துக் கலைந்தது.

எங்கள் ஊரில் வெயில் கொளுத்தும்போது காற்று இராது. காற்று அடிக்கும்போது அத்தனை வெயில் இராது. இந்தச் சிறு விவரத்தை அவர் கவனிக்கத் தவறிவிட்டார் என்று தெரு சிரித்தது. அவர் அசரவில்லை. "எரிச்சலுக்கு மாசக் கணக்கு உண்டா? ஆடியிலயும் அவளுக்குக் கால் எரியுதுய்யா" என்றார்.

ஆடி வந்தது. காற்றும் வந்தது. றெக்கை சுற்றியது. அத்துடன் வீடும் ஆடத் தொடங்கியது.

வேறு சொல்லால் சொல்லத் தெரியவில்லை. கம்பம் நடுங்கி, தளம் நடுங்கி, கீழ்வீட்டில் குடியிருந்த வீட்டு உரிமையாளரின் பாத்திர அலமாரி கோயில் சேகண்டியாக ஒலித்தது. அவர் வெங்காய மண்டிக்காரர். மண்டியில் கேட்ட இரைச்சல் போதாதென்று வீட்டிலும் கேட்க விரும்பாதவர். கோபத்தோடு மாடியேறி வந்தார். காற்று திரும்பி, வால் பலகை அவர் முகத்துக்கு நேரே வந்து 'நல்வரவு' சொன்னது.

"யோவ், என் சம்சாரம் சாமி படத்தை மாட்டுறா, அது தானா எறங்கி வருதுய்யா!"

"எறங்கி வாற சாமியை நான் இன்னிக்குத்தான் கேள்விப்படுறேன். நல்ல சேதிதானே முதலாளி?"

"நக்கலா? ஆடி முடியுறதுக்குள்ள இந்த ஆட்டம் நிக்கணும். இல்லேன்னா றெக்கையும் எறங்கணும், நீயும் வீட்டைக் காலி பண்ணணும்."

அதன்பின் நான் கண்டது ஒரு மனிதர் ஓர் அதிர்வை வேட்டையாடிய காட்சி. பேரிங்கை மாற்றினார். கிரீசைக் குழைத்துக் குழைத்து அடைத்தார். கம்பத்துக்கு மூன்று பக்கமும் இழுகம்பி கட்டினார். அந்தக் கம்பிகளில் தெருப்பெண்கள் துணி உலர்த்தத் தொடங்கவே, அதிர்வுக்குக் காரணம் எதிர்வீட்டு ஈர ஜமக்காளம்தான் என்று தீர்மானித்துச் சண்டைக்குப் போனார். ஜமக்காளம் போயிற்று, ஆட்டம் போகவில்லை. நாளுக்கு நாள் கூடவும் செய்தது. காலையில் மைக்செட் கடைக்குப் போகுமுன், எப்போதும் ஒரே றெக்கையைக் கீழ்நோக்கி இழுத்துக் கைப்பிடிச் சுவரோடு கயிற்றால் பிணைத்துவிட்டுப் போவார். இருட்டும் வேளையில் வந்து அவிழ்த்துவிட்டு, முகத்தைப் பார்ப்பார். அதன் முகத்தைத்தான். அது மறுபடி ஆடும். பேட்டரிக்குப் போவதற்குள் பாதி மின்சாரம் அந்த ஆட்டத்திலேயே செலவாயிற்று. அக்காவின் கால்மாட்டில், வேன் ஓட்டுநர்கள் முகத்துக்கு நேரே வைத்துக்கொள்ளும் சிறு விசிறி, வந்த மிச்சத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுப் படுத்துக்கொண்டது. கொலுசு மறுபடி நடந்தது.

ஆடியின் கடைசி வாரம். மூன்று றெக்கைகளையும் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் தெருவில் இறங்கினார். நான் தள்ளுவண்டிக்கார அம்மாளிடம் சின்ன வெங்காயம் வாங்கிக்கொண்டிருந்தேன்.

"தாயி, உன் தராசுல இதை வச்சுப் பாரு."

"ஏண்ணே, இதைச் சோத்துக்கு வெஞ்சனம் வைக்கவா முடியும்?"

"எது கனம்னு மட்டும் சொல்லு. மூணும் ஒரே கனமா இல்லேன்னாத்தான் ஆடும்."

அந்த அம்மாள் பழைய தட்டுத் தராசைத் தூக்கினார். முதல் இரண்டும் சமமாக நின்றன. மூன்றாவதை வைத்ததும் தட்டு சரேலென்று இறங்கியது. "இதுல மட்டும் ஒரு கை வெங்காயம் கூட இருக்குண்ணே" என்றார்.

அவர் அந்த றெக்கையைத் திருப்பினார். சுவரோடு கட்டும்போது சுவரைப் பார்த்திருக்கும் உட்புறம் அது. நுனிப்பக்கம் முழுவதும் ஏதோ அடை அடையாகக் காய்ந்து கிடந்தது. நகத்தால் சுரண்டினார். மஞ்சளாய்ப் பொடி உதிர்ந்தது. கீழே ஒரு சிவப்பு. அதற்குக் கீழே மறுபடி மஞ்சள். முகர்ந்து பார்த்தார்.

"சந்தனம்" என்றார். பிறகு, இன்னொரு முறை முகர்ந்துவிட்டு, "கோந்தும் கலந்திருக்கு. நான் ஸ்பீக்கருக்கு ஒட்டுற கோந்து. டப்பாவை எலி இழுத்துட்டுப் போயிருச்சுன்னு நெனச்சேன் டீச்சர்."

எங்கள் தெருவில் வெள்ளிக்கிழமை தலைமுழுகிவிட்டு ஆட்டுக்கல்லுக்கும் நிலைப்படிக்கும் தையல் இயந்திரத்துக்கும் சந்தனம், குங்குமம் வைக்கும் பெண்களில், சந்தனக் கிண்ணத்தோடு அந்த மொட்டைமாடிக்கு ஏறக்கூடியவர் பஞ்சவர்ணம் அக்கா ஒருவர்தாம். சனியன் என்று ஊரறியத் திட்டிய அந்தப் பொருளுக்கு, அது ஓட வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, வாரந்தோறும் அக்கா பொட்டு வைத்திருக்கிறார். கட்டிப்போட்ட றெக்கை ஒன்றுதான் கைக்கு எட்டியது. ஆகவே அந்த ஒன்றுக்கு மட்டும். காற்றில் உதிர்ந்துவிடக் கூடாதே என்று கோந்து கலந்து, கணவர் கண்ணில் படாதபடி உட்புறமாக.

"சொரண்டி விட்டுருங்கண்ணே, தீந்துச்சு" என்றார் வெங்காயக்கார அம்மாள்.

"சொரண்டுனா வாற வெள்ளிக்கெழம பாப்பா. காணமேன்னு இன்னும் கெட்டியாப் பூசுவா. ஏன் பூசுனேன்னு நான் கேட்டா அவளுக்கு வெக்கமாப் போயிரும்." அந்த மஞ்சள் அடையை விரலால் அளந்து பார்த்தவர், "டீச்சர், உங்க வீட்டுல சந்தனம் இருக்கா?" என்றார்.

என் வீட்டுச் சந்தனத்தில் அவர் கடைக் கோந்தைக் குழைத்து மற்ற இரண்டு றெக்கைகளுக்கும் பூசினார். தராசு முள் நேராக நிற்கும்வரை வெங்காய வண்டி தெருவைவிட்டு நகரவில்லை. அன்று மாலை றெக்கை சுற்றியது. பாத்திரங்கள் வாய் திறக்கவில்லை. மண்டிக்காரர் மேலே ஏறி வந்து, ஆட்டத்தைக் காணாமல், சற்று ஏமாற்றத்தோடு இறங்கிப் போனார். சுவருக்கு அப்பால் கொலுசுச் சத்தம் இல்லை.

அதுமுதல் வெள்ளிக்கிழமைதோறும் அக்கா காலையில் ஒரு றெக்கைக்குப் பூசுவார். மதியம் ஒரு காரணம் சொல்லிக்கொண்டு கடையிலிருந்து வந்து, மற்ற இரண்டுக்கும் அதே அளவு றெக்கைக்காரர் பூசுவார். அவர் செய்த எண்ணெய், கிரீசுப் பராமரிப்பு எல்லாவற்றிலும் அதிக ஒழுங்கோடு நடந்தது இதுதான்.

ஒருநாள் அக்கா என்னைக் கைப்பிடிச் சுவரருகே அழைத்தார். முகமெல்லாம் பூரிப்பு.

"டீச்சர், யாருகிட்டயும் சொல்லிறாதீங்க. அவருக்குப் பக்தி வந்துருச்சு."

"யாருக்கு?"

"இவருக்குத்தான். ஒளிஞ்சு நின்னு பாத்தேன். நான் ஒத்தை றெக்கைக்குப் பூசுறேன். அவரு மிச்சம் ரெண்டுக்கும் அம்புட்டு நெதானமாப் பூசுறாரு. எங்க ஊரு எரியோட்டுலேருந்து இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்த நாளா நான் வேண்டுனது கரண்டுக்கா? இதுக்குத்தான் டீச்சர். நான் பாத்தது தெரிஞ்சா வீம்புக்கு விட்டுருவாரு. தெரியாத மாதிரியே இருக்கேன்."

இருவரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் காத்த இரகசியங்கள் இரண்டும் என்னிடம் இருந்தன. இரண்டும் அழகாக இருந்ததால் எதையும் நான் கலைக்கவில்லை. துணிச்சல் வந்து அக்கா ஒருமுறை, "எங்க ஊர்த் திருவிழாவுக்கு வாங்களேன், சேந்து நின்னு ஒரு கும்புடு போட்டுட்டு வருவோம்" என்று கேட்டதும் என் காதில் விழுந்தது. "ஆம்ப்ளிஃபயர் தூக்க ஆளு வேணும்னாச் சொல்லு, வாரேன்" என்றார் அவர். அக்கா சிரித்தார். கூச்சப்படுகிறார் என்று எண்ணியிருப்பார்.

பின்னர் மின்வெட்டு தீர்ந்தது. ஊரே மறந்துபோகும் அளவுக்கு மின்சாரம் ஒழுங்காக வந்தது. ஆனாலும் அக்கா கால்மாட்டுச் சின்ன விசிறியை மாற்றவிடவில்லை. 'அந்தக் காத்துதான் குளுமை' என்றார். சர்க்கரை கால்களை விட்டுச் சிறுநீரகத்துக்குப் போயிற்று. மதுரைக்கும் திண்டுக்கல்லுக்குமாக ஓராண்டு அலைந்தார்கள். சென்ற ஆண்டு, காற்றே இல்லாத ஒரு பங்குனிப் பகலில் அக்கா போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்தபின், றெக்கையை இறக்கிவிடுவதாகச் சொல்லி, மரை திருகும் சாவிகளோடு அவர் மாடிக்கு வந்தார். அப்போதுதான், கைப்பிடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று, நான் அக்கா சொன்னதைச் சொன்னேன். இனி அதை அக்காவுக்காகக் காக்க வேண்டியதில்லை என்று தோன்றியது.

கையிலிருந்த சாவியைக் கீழே வைத்தார். "பக்தின்னா சொன்னா?"

"ஆமாம். அத்தனை சந்தோஷமாகச் சொன்னார்."

"நான் வெயிட்டைத்தானே சரி பண்ணேன் டீச்சர்."

"எனக்குத் தெரியும்."

கம்பத்தடியில் உட்கார்ந்துவிட்டார். "எத்தனை கோயில் மரத்துல ஏறியிருக்கேன். ஒரு தடவை அவளைக் கூட்டிட்டுப் போயி, பக்கத்துல செத்த நேரம் நின்னிருக்கலாம். கையைக் கூப்பினா ஒடிஞ்சா போயிருக்கும்? கூப்பிடத்தானே செஞ்சா. ஆம்ப்ளிஃபயர் தூக்கணுமான்னு கேட்டேன் பாருங்க."



றெக்கை இறங்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை, உலர்ந்த துணிகளை எடுக்க நான் எங்கள் மாடிக்குப் போனபோது, பக்கத்து மாடியில் அவர் சந்தனக் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தார். அக்காவின் றெக்கைக்கு முதலில் பூசினார். பிறகு மற்ற இரண்டுக்கும். கிண்ணத்தைக் கீழே வைத்தார். தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். கோயிலில் மற்றவர்கள் அப்படிச் செய்வதை மரத்தின் மேலிருந்து பார்த்திருப்பார் போலும். கைகள் சேர்ந்தன, பிரிந்தன. எந்த உயரத்தில் வைத்துக்கொள்வதென்று தெரியாமல் ஒருமுறை நெற்றிக்குப் போய், மறுபடி நெஞ்சுக்கு வந்து நின்றன. பக்கத்தில் ஓர் ஆள் நிற்குமளவு இடம் விட்டு நின்றார்.

அவர் திரும்பினால் என்னைப் பார்த்துவிடுவார். துணிகளைக் கொடியிலேயே விட்டுவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். மாலையில் மழை கொட்டியது, அத்தனையும் நனைந்தன. நனையட்டும் என்று இருந்துவிட்டேன்.