தினேஷ் பாட்டுக்கு நான் பண்ண மார்க்கெட்டிங்

அன்னிக்கு எனக்கு இருந்தது ஒரே வேலை. ஒரு பாட்டைப் போட்டுக் காட்டி, ஆறு பேர்கிட்ட கருத்து கேக்கணும். அவ்ளோதான்.

நான் மரக்காணம். பாண்டிச்சேரில எம்பிஏ. பஸ்ல தூங்கிக்கிட்டே போறேன், கிளாஸ்ல தூங்கறேன், பஸ்ல தூங்கிக்கிட்டே திரும்பி வர்றேன். கடைசி செமஸ்டர் புராஜெக்டுக்கு ஒரு மாணவர் பாடின பாட்டை எடுத்து மார்க்கெட்டிங் பண்ணிக் காட்டணும்னு சொல்லிட்டாங்க.

என் கிளாஸ்ல தினேஷ்னு ஒருத்தன். பாடுவான். அதாவது, பாடுவேன்னு அவனே சொல்லிக்குவான். பொம்மையார்பாளையத்துக்காரன். ஒரே ஒரு பாட்டை இன்ஸ்டாவுல போட்டுட்டு, பேருக்குக் கீழ ‘கலைஞன்’னு எழுதிக்கிட்டான். பார்த்தவங்கள்ல பாதி பேர் அவன் சித்தப்பா பசங்க.

பாட்டு என்னன்னா, உப்பளத்துல மலர்ற காதல். ஐயா உப்பளத்துக்குள்ள கால் வெச்சது வீடியோ எடுத்த அன்னிக்கு மட்டும்தான். அதுவும் ஷூவோட! பாத்தில வேலை செஞ்சுக்கிட்டு இருந்தவங்க துரத்திவிட்டாங்க. அந்த ஓட்டத்தையும் எடிட் பண்ணி, காதலியைத் தேடி ஓடற மாதிரி போட்டுட்டான்.

எங்க மார்க்கெட்டிங் சார் கண்டிஷனா சொன்னார். “ஃபோகஸ் குரூப் வெச்சு கருத்து வாங்கணும். அதுபடி பிளானை மாத்தணும். வாங்கிட்டு ஓரமா வெச்சா மார்க் கிடையாது. கடைசி நாள் நானே நேர்ல வந்து பாப்பேன்.”

ஃபோகஸ் குரூப்னா, பாட்டு கேக்கற வயசுப் பசங்களைத் தேடிப் பிடிக்கணும். நான் யாரைப் பிடிச்சேன்? அந்த ஞாயித்துக்கிழமை யார் சும்மா இருந்தாங்களோ அவங்களை. எங்க மல்லிகா அத்தை. பக்கத்து வீட்டு ஏகாம்பரம் மாமா. தையல் கடை லதா அக்கா. அவங்களோட மூணு தோழிங்க, வடை இருக்குன்னு தெரிஞ்சு வந்தவங்க.

எங்க வீட்டு ஹால்ல எல்லாரும் உக்காந்தாச்சு. தினேஷ் சமையல்கட்டுல ஒளிஞ்சுக்கிட்டு காதைத் தீட்டிக்கிட்டு நிக்கறான். ஸ்பீக்கர்ல பாட்டைப் போட்டேன். கண்ணை மூடிக் கேட்டாங்க. ரெண்டு பேர் அப்படியே தூங்கிட்டாங்க.

பாட்டு முடிஞ்சுது. ஏகாம்பரம் மாமா தொண்டையைச் செருமினார்.

“ஏம்மா, பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?”

“முடிஞ்சிடுச்சு மாமா.”

“அப்படியா? நல்லா இருந்துது.”

மல்லிகா அத்தை முகத்தைச் சுளிச்சுது. “பாடற புள்ளைக்கு நெஞ்சுல சளி கட்டியிருக்குதுடி. மிளகு ரசம் வெச்சுக் குடுக்கச் சொல்லு.”

சமையல்கட்டுல ஒரு டம்ளர் கீழ விழுந்த சத்தம் கேட்டுது.

லதா அக்கா மட்டும் பொறுப்பா யோசிச்சாங்க. “வெறும் பாட்டா போனா போர் அடிக்குது சுகன்யா. நடுவுல நடுவுல பேச்சு வரணும். அப்புறம், இன்ஸ்டாவுல போட்டா எவன் பாக்கறான்? ஆட்டோவுல மைக் கட்டித் தெருத்தெருவா விடு. வீட்டு வாசல்ல வந்து கத்துனா கேட்டுத்தானே ஆவணும்!”

எல்லாரும் தலையாட்டினாங்க. தூங்கினவங்களும் எழுந்து ஆட்டினாங்க. மொத்தக் குழுவும் ஒரே கருத்து! எனக்குப் புல்லரிச்சுது. எதுக்குப் புல்லரிச்சுதுன்னு இப்ப யோசிச்சா, என் தலையில நானே குட்டிக்கணும் போல இருக்குது.

மைக் கட்டின ஆட்டோ எங்க ஊர்ல யார்கிட்ட இருக்குது? பழனி அண்ணன்கிட்ட. லோடு ஆட்டோ. பழைய இரும்பு எடுக்கறவர்.

“காலைல மட்டும் வேணும்ணே.”

“இன்னாம்மா, எலெக்‌ஷனா?”

“பாட்டுண்ணே.”

“அதுக்கு இன்னாத்துக்கு ஆட்டோ?”ன்னு என்னைப் பரிதாபமா பார்த்துட்டு சரின்னுட்டார்.

தினேஷ் முதல்ல முரண்டு பிடிச்சான். “நான் ஆர்ட்டிஸ்ட். இரும்பு ஆட்டோவுல ஏற மாட்டேன்”னான். பின்னாடி ஏறி நின்னுக்கிட்டுக் கையாட்டலாம்னு சொன்னேன். அவ்ளோதான், கூலிங் கிளாஸ், வெள்ளைச் சட்டை, கிட்டாரோட ஏறிட்டான். வார்டு மெம்பர் மாதிரி கும்பிடு வேற!

புராஜெக்டோட கடைசி நாள் காலைல ஆட்டோ கிளம்புச்சு. பழனி அண்ணன் பென் டிரைவைச் சொருகினார். தினேஷ் குரல் ஊர் முழுக்கக் கேட்டுது.

“நீ இல்லாம உடைஞ்சு கெடக்கேன்... என்னை எடுத்துக்கோ பெண்ணே...”

அடுத்த நொடி பழனி அண்ணன் குரல்.

“பழைய இரும்பு, பித்தளை, பிளாஸ்டிக்! ஓட்டை உடைசல் எதுவா இருந்தாலும் எடுக்கறோம், எடுத்துட்டு வாங்கம்மா!”

“அண்ணே! அதை நிறுத்துங்க!”

“நிக்காதும்மா. அந்தப் பொட்டி அப்படித்தான். உள்ள இருக்கறதும் பாடும், நீ சொருகினதும் பாடும். மாத்தி மாத்தி வரும்.”

நடுவுல நடுவுல பேச்சு வரணும்னு கேட்டாங்க இல்ல? வந்துடுச்சு.

எங்க ஊர் உப்புக் காத்துல புது ஜன்னல் கம்பியே சீக்கிரம் துருப்பிடிச்சுடும். பழைய இரும்புக்கா பஞ்சம்? வீட்டுக்கு வீடு கதவு திறந்துது. ஜனங்க ஓடி வர்றாங்க!

தினேஷுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. “பாரு சுகன்யா, ஃபேன்ஸ்!”

முதல் ஃபேன் துருப்பிடிச்ச சைக்கிள் ரிம்மை நீட்டுனார். இவன் அதை ரெண்டு கையால வாங்கி நெஞ்சுல வெச்சுக்கிட்டான். வெள்ளைச் சட்டையில பெரிய பழுப்பு வட்டம்.

ரெண்டாவது ஃபேன் ஓட்டை அண்டா. மூணாவது ஃபேன், ஃபேன்.

உப்பளத்துல வேலை முடிஞ்சு திரும்பற பொம்பளைங்க கூட்டமா வந்துட்டாங்க. உடைஞ்ச பிளாஸ்டிக் கூடை, பிடி கழண்ட இரும்புச் சட்டின்னு ஆளாளுக்கு மேல வீசறாங்க. ஒரு அக்கா தினேஷை முறைச்சாங்க. “ஏம்பா, இன்னா விலை போடற? பாடிக்கிட்டே ஏமாத்தலாம்னு பாக்கறியா?”

பழனி அண்ணன் வண்டியை ஓரங்கட்டித் தராசை எடுத்துட்டார். “வர்ற வியாபாரத்தை விட முடியுமா? நீ உன் வேலையைப் பாரும்மா.”

என் வேலை என்ன? ஒரு பானைக்குள்ள இன்னொரு பானையை அடுக்கி வாங்கி வெச்சேன்.

சாமான் ஏற ஏற, தினேஷ் இடுப்பு வரைக்கும் உள்ள போயிட்டான். நிக்க இடம் பத்தாம கிட்டாரைக் கீழ இறக்கி வெச்சான். பின்னாடியே இருந்த ஒருத்தர் அதைத் தூக்கிப் பழனி அண்ணன்கிட்ட குடுத்துட்டார்.

பழனி அண்ணன் தட்டிப் பார்த்தார். “மரம். இதெல்லாம் நாங்க எடுக்கறதில்லப்பா. கம்பியை வேணா கழட்டிக் குடு.”

தினேஷ் அலறின அலறல் இருக்கே! அவன் பாடினதுலயே சுருதி சேர்ந்தது அதுதான்.

குதிச்சு வந்து கிட்டாரைப் பிடுங்கினான். குதிச்சதுல அண்டா உருண்டு, தெருவோட போய், ஒரு கார்ல இடிச்சு நின்னுது. கார்லேர்ந்து இறங்கினது எங்க சார்.

ஆட்டோவைப் பார்த்தார். தராசைப் பார்த்தார். என் கையில இருந்த பானையைப் பார்த்தார்.

“சுகன்யா, இதுல எது உங்க புராடக்ட்?”

“பாட்டு சார்.”

அப்பத்தான் பொட்டி “ஓட்டை உடைசல்”னு கத்துச்சு. சார் பக்கத்துல நின்ன ஒரு அம்மாவைக் கேட்டார். “இந்தப் பாட்டு எப்படிம்மா இருக்கு?”

“பாட்டு பரவால்ல சார். எடைதான் குறைச்சு போடறாங்க.”

சார் அதை அக்கறையா எழுதிக்கிட்டார். வேற எதையும் எழுதலை.

மார்க் வந்துது. பாஸ். ‘கருத்துகளை முழுமையாகப் பின்பற்றியுள்ளார்’னு ஒரு வரி. பாராட்டா, திட்டான்னு கேக்கற தைரியம் எனக்கில்ல.

பழனி அண்ணன் அந்தப் பாட்டை அழிக்கவே இல்ல. “அந்தப் பையன் அழுதா ஜனங்க சீக்கிரம் வெளிய வர்றாங்கம்மா”ங்கறார். இப்ப ஊரே அதை முணுமுணுக்குது. இன்ஸ்டாவுல பாட்டுக்குக் கீழ ஒருத்தர், “எங்க தெருவுக்கு எப்ப வருவீங்க? பழைய பீரோ இருக்கு”ன்னு கேட்டிருக்கார். தினேஷ் அதுக்கு ஹார்ட் போட்டிருக்கான்.

போன வாரம் ரெண்டாவது பாட்டை அனுப்பிட்டு, “மனசுல பட்டதைச் சொல்லு”ன்னான்.

“சூப்பர்டா”ன்னு அனுப்பிட்டேன், கேக்கறதுக்கு முன்னாடியே.