வந்து சேர்ந்தமைக்கான சான்றிதழ்

வெளிநாட்டில் குடியேறுகிறவர்கள், விமானத்தை விட்டு இறங்கியதுமே வந்து சேர்ந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். அது தவறு. இறங்குவது உடம்பு மட்டும்தான். மனசும் கூடவே வந்ததா என்று பார்த்துச் சொல்ல இங்கே தனியாக ஓர் அலுவலகமே இருக்கிறது: ‘குடியேறியோர் முழுமையாக வந்து சேர்ந்தமையை உறுதி செய்யும் பிரிவு’. அவர்கள் கொடுக்கிற சான்றிதழ் இல்லாமல் இங்கே நிரந்தர வேலை கிடையாது.

எனக்கு அது அவசரமாகத் தேவைப்பட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை எனக்காகக் காத்திருந்தது. மாதக் கடைசிக்குள் சான்றிதழ் வராவிட்டால் வேலை அடுத்த ஆளுக்குத்தான் என்று தலைமை நர்ஸ் கறாராகச் சொல்லிவிட்டார். என்னைக் கேட்டால், நான் எப்போதோ வந்து சேர்ந்துவிட்டேன். பஸ்ஸுக்கு வரிசையில் நிற்கிறேன், யார் காலையும் மிதிக்காமலேயே மன்னிப்புக் கேட்கிறேன். இன்னும் என்ன வேண்டும்? ஆனால் சான்றிதழைக் குடும்பத்துக்கே சேர்த்துத்தான் கொடுப்பார்களாம்; வராத ஆள் என் வீட்டுக்காரர்.

அந்த மனுஷன் வந்த வேகத்தில் ஊர் சேனல் அத்தனையும் தெரிகிற ஒரு பெட்டியை வாங்கி மாட்டிவிட்டார். அன்றிலிருந்து உடம்பு இங்கே சோபாவில், உயிர் அங்கே. ஊரில் மழை என்றால் இங்கே கொளுத்துகிற வெயிலில் குடையோடு போவார். ஊரில் மெயின் ரோட்டில் நெரிசல் என்று செய்தி வந்தால் இங்கே வேலைக்குச் சீக்கிரமே கிளம்பிவிடுவார். நாளை மின்தடை என்று திரையின் கீழே எழுத்து ஓடினால் போதும், பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் பிடித்து வைத்துவிடுவார்.

“இங்க கரண்டே போறதில்லைங்க.”

“போறதில்லைன்னு அலட்சியமா இருக்கச் சொல்றியா? அறிவிச்சிருக்காங்கல்ல!”

இதையெல்லாம் வீட்டுக்குள்ளேயே வைத்துச் சமாளித்தேன். ஆனால் ‘கனமழை, பள்ளிகளுக்கு விடுமுறை’ என்று ஒருநாள் ஓடியதே, அதுதான் குடியைக் கெடுத்தது. மனுஷன் மகளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. அதோடு விட்டாரா? பள்ளிக்கே போன் போட்டு, “இந்த மழையில எதுக்கு ஸ்கூலைத் திறந்து வச்சிருக்கீங்க?” என்று சத்தம் போட்டிருக்கிறார். பள்ளிக்கூடம் அலுவலகத்துக்குச் சொன்னது. அலுவலகம் ஆள் அனுப்பியது.

வந்த அதிகாரி நம் ஊர்க்காரர்தான். கழுத்தை நெரிக்கிற டை, முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளக்கிற ஷூ. வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார்.

“நான் இங்க வந்து இருபது வருஷத்துக்கு மேல ஆச்சும்மா. அன்னிக்கு விட்டதுதான், ஊர் சேனலை ஏறெடுத்தும் பார்த்ததில்ல. நான் முழுமையா வந்து சேர்ந்தவன்.”

நான் டிவியைப் போர்வையால் மூடி வைத்திருந்தேன். ‘எது கேட்டாலும் முதல்ல ஜன்னலைப் பாருங்க, அப்புறம் வாயைத் திறங்க’ என்று வீட்டுக்காரருக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் கேள்வியைக் கேட்டார்.

“வெளியில மழையா, வெயிலா?”

“கனமழை சார். இன்னும் ரெண்டு நாளைக்கு நீடிக்கும்.”

சொல்கிறவர் மூக்கிலேயே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. எனக்கு அப்படியே சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

“இந்த நாட்டு நிதியமைச்சர் யாரு?”

“இங்கயும் ஒருத்தர் இருக்காரா சார்?”

“சம்பந்தப்பட்ட கருவியை நேரில் பார்வையிட வேண்டியிருக்கு” என்றார் அதிகாரி. அவர் சொல்லி முடிப்பதற்குள் இந்த மனுஷன் போர்வையை இழுத்துப் போட்டு டிவியைப் போட்டுவிட்டார். சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டில், தலையில் கட்டோடு ஒரு பெண். குறிப்பெழுதிக்கொண்டிருந்த அதிகாரியின் பேனா நின்றது.

“இவ... முகம் வேற மாதிரி இருக்கே, நாத்தனார் மாடிப்படியிலேர்ந்து உருட்டிவிட்ட பொண்ணுதானே?”

“அவளேதான் சார்.”

“அடப்பாவிகளா! நான் பிளேன் ஏறின அன்னிக்கு விழுந்தவ! இன்னுமா எழுந்திரிக்கல?”

“நடுவுல ஒரு தடவை விரல் அசைஞ்சுது சார். அதுக்குள்ள நடிகையை மாத்திட்டாங்க. புது ஆளு மறுபடியும் முதல்லேர்ந்து மயக்கமா இருக்காங்க.”

“அந்த நாத்தனார்?”

“உட்காருங்க சார், சொல்றேன்.”

உட்கார்ந்தார். டையைத் தளர்த்தினார். சீரியல் முடிந்ததும் எழுந்து, “ஆய்வு முடிவடையவில்லை, நாளையும் தொடர வேண்டியிருக்கிறது” என்று அரசாங்கக் குரலில் அறிவித்துவிட்டுப் போனார். மறுநாள் சீரியல் நேரத்துக்கு டாணென்று வந்தார். அதற்கடுத்த நாள் முதுகுக்கு வைத்துக்கொள்ள ஒரு குஷனும் வந்தது. ஆய்வு உபகரணமாம்.

நான் டீ போட்டுப் போட்டு ஓய்ந்துபோனேன்.

“சார், இந்த ஆய்வு எப்பத்தான் முடியும்?”

“அந்தப் பொண்ணு கண்ணைத் திறந்து, தள்ளிவிட்டது யாருன்னு சொல்லணும். சொல்லிட்டா முடிஞ்சுது.”

“அவ சொல்றதுக்கும் என் வேலைக்கும் என்ன சார் சம்பந்தம்?”

“கருவியோட பாதிப்பை முழுசா தெரிஞ்சுக்காம கையெழுத்துப் போட்டா, அது கடமை தவறுறதும்மா.”

என் வீட்டுக்காரர் அதற்கு ஒரு தலையாட்டல்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விளம்பர இடைவேளையில் ஆளை மடக்கிக் கையெழுத்து வாங்கிவிடுவது என்று முடிவு செய்து, இரண்டு பேருக்கும் நடுவில் நானும் உட்கார்ந்தேன். விளம்பரம் எப்போது வரும் என்று தெரிய வேண்டுமானால் டிவியைப் பார்த்துத்தானே ஆக வேண்டும்? பார்த்தேன். வேலைக்காகத்தான் பார்த்தேன். தினமும் பார்த்தேன்.

மாதத்தின் கடைசி நாள். “இன்னிக்குக் கையெழுத்து இல்லைன்னா உங்க மேலதிகாரி முன்னாடி போய் நிப்பேன்” என்று ஒரே போடாகப் போட்டேன். அதிகாரி ஆடிப்போய்விட்டார்.

“சரிம்மா. உங்க வீட்டுக்காரர் எப்படியோ போகட்டும். நீங்க வந்து சேர்ந்தவங்க, எனக்குத் தெரியும். உங்களுக்குத் தனியா கொடுத்துடறேன். விதிப்படி ஒரே ஒரு கேள்வி, பதில் சொன்னதும் கையெழுத்து.” சான்றிதழைத் தொடையில் வைத்துப் பேனாவைத் திறந்தார். “வெளியில மழையா, வெயிலா?”

அந்த நேரம் பார்த்தா டிவியில் கீழே ‘கனமழை’ என்று எழுத்து ஓட, மேலே அந்தப் பெண்ணின் இமை துடிக்க வேண்டும்! நாத்தனார் வேறு தலையணையோடு கட்டிலை நெருங்குகிறாள்.

“கனமழை சார்! சும்மா இருங்க, தலையணையோட வர்றா பாருங்க!”

சொன்னது நான்தான். என் வாயால்தான் சொன்னேன்.

வெயில் கொளுத்திக்கொண்டிருந்த ஜன்னல் பக்கம் அதிகாரி திரும்பவே இல்லை.

“ஆமாம்மா, நானும் குடை கொண்டு வரல” என்று டிவியைப் பார்த்தபடியே பேனாவை மூடிப் பையில் போட்டுக்கொண்டார்.

போன் அடித்தது. மகள் எடுத்துப் பேசிவிட்டு, “அம்மா, ஆஸ்பத்திரியிலேர்ந்து! சான்றிதழ் வந்துடுச்சான்னு கேட்கறாங்க” என்று நீட்டினாள்.

“விளம்பரம் வரட்டும்” என்றோம், மூன்று பேரும் ஒரே குரலில்.