பதினாறு பக்க மௌனம்

நாவலாசிரியர் காலமாகி ஓராண்டு நிறைவதை முன்னிட்டு, அவருடைய புகழைக் கட்டிக்காக்கும் பொருட்டு ஐவர் குழு ஒன்று அமைக்கப்பட்டது. நான் அதன் செயலாளர். புகழுக்கு அப்போது எந்த ஆபத்தும் இல்லை. இருந்தாலும் குழு அமைத்துவிட்டோம்.

அவர் பெருமையெல்லாம் ஒரே நாவலில் இருந்தது. அதன் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கக் கடைசியில், ஒரு தாய் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறாள். அடுத்து வருவது நூற்று இருபத்தொன்பதாம் பக்கம். அதில் அவள் துணி காயப்போட்டுக்கொண்டிருக்கிறாள். நடுவில் பதினாறு பக்கங்கள் கிடையாது. "மௌனத்தின் உச்சம்!" என்று விமர்சகர்கள் சொக்கிப்போனார்கள். நாவல் பாடமானது. 'பதினாறு பக்க மௌனத்தை விளக்குக' என்பது ஆண்டுதோறும் வரும் பத்து மதிப்பெண் கேள்வி. என் டாக்டர் பட்டமும் அந்த மௌனத்தைப் பற்றித்தான். ஆய்வேடு நானூறு பக்கம். இளம் எழுத்தாளர்களும் பக்கங்களை விட ஆரம்பித்தார்கள். ஒருவர் முதல் அத்தியாயத்தையே விட்டார். அவருக்கு விருது கிடைத்தது.

முதல் கூட்டத்துக்கு நாவலாசிரியரின் மனைவி வந்திருந்தார்.

"அது மௌனம் இல்லீங்க," என்றார். "பைண்டிங்ல ஒரு பாரம் விட்டுப்போச்சு."

அச்சகத்தில் பதினாறு பக்கத்தை ஒரு பாரம் என்பார்கள்.

குழுத் தலைவர் இலக்கியத் துறை அதிகாரி. அவர் புன்னகைத்தார். "அம்மா, அவரும் இதையேதான் சொல்லிட்டிருந்தார். எங்க ஆபீசுக்குப் பதினேழு கடிதம் போட்டிருக்கார். 'தங்கள் தன்னடக்கம் போற்றத்தக்கது'ன்னு பதினேழுக்கும் பதில் போட்டிருக்கோம்."

"பதில் போட்டீங்க, பாரத்தைப் போடலையே. வரப்போற பதிப்புலயாவது சேருங்க."

"கைப்பிரதி இருக்கா?"

"அச்சகத்துல தொலைச்சுட்டாங்க. ஆனா உங்க அஞ்சு பேருக்கும் அவர் புத்தகம் கொடுத்தாரே, அதுல அந்தப் பதினாறு பக்கத்தையும் கையால எழுதி ஒட்டித்தான் கொடுத்தார். ராப்பகலா உக்காந்து எழுதினார். ஒரே ஒரு பிரதி கொடுங்க, போதும்."

அறையில் மெய்யான மௌனம் நிலவியது. நான் ஆராய்ந்ததைவிட ஆழமானது.

"நான் அதை எத்தனை தடவை படிச்சிருப்பேன்!" என்றார் குழுவில் இருந்த பேராசிரியர். "எங்கே வெச்சேன்னுதான் தெரியல."

"என்னோடது ஆபீஸ்ல கண்ணாடி அலமாரியில இருக்கு," என்றார் தலைவர். "திறக்க அனுமதி வேணும்."

"யார் தரணும்?"

"நான்தான் தரணும். ஆனா எழுத்துமூலமா கேக்கணும். பரிசீலிக்க மூணு மாசம் ஆகும். அச்சு நாளைக்கே போகுதே!"

"உங்ககிட்ட ஒண்ணுகூட இல்லையாம்மா?" என்று கேட்டேன்.

"எனக்கும் எழுதித் தரச் சொன்னேன். 'உனக்கு எதுக்கு, உனக்குத் தெரிஞ்சதுதானே'ன்னார். கதையில வர்ற அந்தக் குழந்தை எங்க மூத்த பொண்ணுங்க. ஆஸ்பத்திரி வராந்தாவுல அவ கடைசியா பேசினதெல்லாம் அதுல இருக்கு. எனக்கு இப்போ கொஞ்சம் கொஞ்சமா மறந்துட்டு வருது."

தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்த கையோடு தீர்மானம் சொன்னார்: "மேற்படி பக்கங்கள் கிடைக்கப்பெறாத நிலையில், அவை இல்லாதிருப்பதே ஆசிரியரின் இறுதி விருப்பம் எனக் கருதப்படுகிறது. புதிய பதிப்பில் அவ்விடத்தில் பதினாறு வெற்றுப் பக்கங்கள் உயர்ரகத் தாளில் இடம்பெறும்." ஏகமனதாக நிறைவேறியது. அந்த அம்மாளிடம் ஒரு கேடயத்தைக் கொடுத்து அனுப்பிவைத்தோம்.

வீட்டுக்கு வந்து தேடினேன். ஆய்வுக்கு நான் படித்தது நூலகப் பிரதி. இது அன்பளிப்பு, அன்பளிப்பை யார் படிக்கிறார்கள்? கடைசியில் என் எழுத்து மேஜைக்கு அடியில் கிடைத்தது. மேஜையின் ஒரு கால் குட்டை, அதற்கு முட்டுக் கொடுத்திருந்தேன். உருவிப் பிரித்தேன். நீல மையில் பதினாறு பக்கங்கள், பசை விடாமல் ஒட்டியிருந்தன.

நின்றபடியே படித்து முடித்தேன். அழுதேன். அந்தப் பிள்ளை பக்கத்துக்குப் பக்கம் வாய் ஓயாமல் பேசுகிறது. மருந்து கசக்கிறது என்கிறது, நர்ஸுக்கு மீசை இருக்கிறது என்கிறது, நாளைக்குப் பள்ளிக்கூடம் உண்டா என்று கேட்கிறது. மௌனம் என்று சொல்ல ஒரு வரி கிடையாது.

அந்த அம்மாளுக்குப் போன் செய்தேன். இரண்டாவது மணி அடிப்பதற்குள் என் நானூறு பக்கம் ஞாபகம் வந்தது. வைத்துவிட்டேன்.

மற்ற நால்வரும் அன்று தேடத்தான் செய்திருப்பார்கள். மறுநாள் அச்சுக்கு அனுப்பக் கூடியபோது யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. யாரும் வாய் திறக்கவும் இல்லை.

புதிய பதிப்பு அச்சுக்குப் போனது; முன்னுரை மட்டும் பாக்கி, அதை எழுதும் பொறுப்பு எனக்கு. புத்தகத்தைப் பழைய இடத்திலேயே செருகிவிட்டு எழுத உட்கார்ந்தேன். மேஜை துளிகூட ஆடவில்லை.