முத்த அண்ணன்

என் அண்ணனோடு இனிப் பேசுவதில்லை என்று நான் சபதம் எடுத்து ஒன்பது வருஷம் ஆகிறது. என் மனைவியைக் கேட்காமல் நான் எடுத்த ஒரே முடிவு அது. அதனாலேயே அதை விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அச்சகத்தில் பிழை திருத்துவது என் வேலை. அப்பா இறந்தபோது அஞ்சலித் தாளை எங்கள் அச்சகத்திலேயே அடித்தோம். பிழை பார்த்தவன் நான். அண்ணன் பெயருக்கு முன்னால் 'மூத்த மகன்' என்று வர வேண்டியது 'முத்த மகன்' என்று வந்துவிட்டது. சாவு வீட்டில் ஆட்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். வேண்டுமென்றே செய்தாய் என்றார் அண்ணன். எழுதிக் கொடுத்ததே அப்படித்தான் என்றேன் நான். பொய். கண்ணில் தண்ணீர் நின்று எழுத்தே தெரியவில்லை என்பதுதான் நிஜம். அதைப் பிழை திருத்துகிறவன் எந்த வாயால் வெளியே சொல்வான்?

அந்த வீட்டுப் பேச்சை இந்த வீட்டில் எடுக்கக் கூடாது என்று அன்றே உத்தரவு போட்டேன். மனைவி மறுபேச்சில்லாமல் தலையாட்டினாள். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

மகள் கல்லூரியில் படிக்கிறாள். அவளும் முப்பது நாட்டு மாணவர்களும் சேர்ந்து இணையத்தில் ஒரு தளம் நடத்துகிறார்கள். பெயர் 'ஒரே தெரு'. சண்டை போடும் நாடுகளின் பிள்ளைகள் தினமும் தங்கள் ஜன்னலுக்கு வெளியே தெரிவதை ஒருவருக்கொருவர் எழுதுவார்கள். இடிந்த பள்ளிக்கூடம் தெரிகிறது என்று எல்லைக்கு இந்தப் பக்கத்துப் பெண் எழுதினாள். மன்னித்துவிடு என்று அந்தப் பக்கத்துப் பையன் எழுதினான். தமிழ்ப் பக்கத்துக்கு நான்தான் பிழை பார்க்கிறேன். படித்துவிட்டு மூக்கை உறிஞ்சுவேன். என் பெண் உலகத்தையே ஒரே தெருவாக்கிவிட்டாள் என்று அச்சகம் முழுக்கப் பீற்றிக்கொள்வேன். அண்ணன் வீடு மூன்று தெரு தள்ளி இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை துணி மடித்துக்கொண்டே மனைவி ஆரம்பித்தாள்.

"நம்ம பொண்ணைத் தளத்துலேர்ந்து எடுத்துடுவாங்க போலிருக்கு."

"ஏன்?"

"புது விதி. தளம் நடத்துற பிள்ளைங்க வீட்டுல யாராவது ஒருத்தர், பேசாம இருக்கிற ஆளுக்குக் கடிதம் எழுதிப் போடணுமாம். வீட்டுல சண்டையை வெச்சுக்கிட்டு ஊருக்குச் சமாதானம் சொல்லக் கூடாதாம்."

"நீ எழுதேன்."

"நான் யார்கிட்ட பேசாம இருக்கேன்?"

அதுவும் சரிதான். அவள் பேசாமல் இருந்து நானே பார்த்ததில்லை. மகளிடம் எதுவும் கேட்க வேண்டாம், ஏற்கெனவே அழுதுகொண்டிருக்கிறாள் என்றும் சொல்லிவைத்தாள்.

என் மூளை வேலை செய்தது. அண்ணன் போனில் பச்சைப் பொத்தானையும் சிவப்புப் பொத்தானையும் தவிர எதையும் தொடாத ஆள். கடிதத்தைத் தளத்தில் போட்டால் உலகமே படிக்கும், அவர் மட்டும் படிக்க மாட்டார். விதியும் நிறைவேறும், சபதமும் உடையாது.

நாலு வரியில் முடிக்கத்தான் உட்கார்ந்தேன். அவர் பார்க்கப் போவதில்லை என்ற தைரியத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பிழை என்னுடையது, சொன்னது பொய், அன்று அழுதுகொண்டே பிழை பார்த்தேன். அண்ணா, நீ இல்லாமல் எனக்கு எதுவுமே நன்றாக இல்லை. மூன்று தடவை பிழை பார்த்துக் கொடுத்தேன். மனைவி போனிலிருந்தே தளத்தில் ஏற்றினாள்.

மறுநாள் சாயங்காலம் பதில் வந்திருந்தது. "வாடா. இப்படிக்கு, முத்த அண்ணன்."

தொழில் புத்தி, கை தானாகச் சிவப்புப் பேனாவைத் தேடியது. "மூவன்னா போடாம மு போட்டிருக்கார்," என்றேன்.

"பேனாவைக் கீழ வைங்க. தெரிஞ்சேதான் போட்டிருக்கார். இடது கையில ஒரு விரலால அடிச்சது. வலது கை வராது அவருக்கு. பேச்சும் போயிடுச்சு. பக்கவாதம் வந்து நாலு மாசமாச்சு."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"அந்த வீட்டுப் பேச்சை எடுக்கக் கூடாதுன்னீங்க. எடுக்கலை."

தினமும் மத்தியானம் அங்கே போய்வருகிறாளாம். தளத்தைப் படிக்கக் கற்றுக்கொடுத்ததும் அவள்தானாம். செருப்புக்கூட மாட்டாமல் கிளம்பினேன். ஒன்பது வருஷமாகச் சேர்த்து வைத்த பேச்சையெல்லாம் மூன்று தெருவிலும் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

அண்ணன் ஜன்னலோர நாற்காலியில் இருந்தார். பாதி ஆளாகிப் போயிருந்தார். எனக்கு வாயே திறக்கவில்லை. அவர் திறந்தார், சத்தம் வரவில்லை. இடது கையால் என் பிடரியைப் பிடித்து இழுத்து நெற்றியில் முத்தம் கொடுத்தார். அப்பா செத்த அன்றுகூட நான் அப்படி அழுததில்லை.

வீட்டுக்கு வந்ததும் மகளின் தலையைத் தடவி, எல்லாம் உங்கள் விதியால் வந்த நல்லது என்றேன்.

"எந்த விதிப்பா? எங்க தளத்துல அப்படி ஒண்ணும் கிடையாதே."

மனைவி பக்கம் திரும்பினேன். அவள் துணி மடிப்பதை நிறுத்தவே இல்லை.

"உங்க கடிதத்துல எட்டாவது வரியில ஒரு ஒற்று விட்டுப்போச்சு," என்றாள். "நான் போட்டுட்டேன்."