கிருஷ்ணப்பன் ஒளித்த திராட்சை

கொத்துக் கொத்தாகக் கறுத்துத் தொங்கிய திராட்சையை எங்கே ஒளிப்பது என்றுதான் கிருஷ்ணப்பனுக்குத் தெரியவில்லை.

அறுபத்தெட்டாம் வருஷம். மதுவிலக்குக் காலம். விவசாய ஆபீசர் கொடுத்த புது ரகக் கொடி, அதியமான்கோட்டை மண்ணில் முதல் தடவை காய்த்திருந்தது. காலையில் ஜீப்பில் வந்தவர், "இது கலப்பு ரகம்யா. அப்பன் சீமை, ஆத்தா நாட்டு. ஒயினுக்குன்னே உண்டாக்கினது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"ஒயின்னா என்னங்க?" என்றாள் பெண்டாட்டி தீர்த்தம்மாள்.

"வெள்ளைக்காரன் சாராயம். பழத்துக்குள்ளயே வெச்சுக் குடுத்திருக்கான் புள்ள. போலீசு பாத்தா ஜெயிலுதான்."

"நான் தின்னு பாத்தேன். புளிக்குது. தலையெல்லாம் சுத்தலீயே?"

"உனக்குச் சுத்தாது. நீ சுத்த வெக்கறவ."

ஆபீசர் சொல்வதை நம்புகிறவன் ஒரு ரகம், நம்பாதவன் ஒரு ரகம். கிருஷ்ணப்பன் இரண்டும் கலந்த ரகம். நல்லதைச் சொன்னால் நம்பமாட்டான். கெட்டதைச் சொன்னால் உடனே நம்புவான். நாட்டில் பாதிப் பேர் அந்த ரகம்தான்.

அன்றைக்கே எல்லாவற்றையும் பறித்துக் கேழ்வரகுக் குதிரில் கொட்டினான். விடிந்ததும் வீடெல்லாம் குளவி.

"குளவி போயி ஸ்டேஷன்ல சொல்லுமா?" என்றாள் தீர்த்தம்மாள், வீங்கிய கன்னத்தோடு.

மொடாக்களுக்கு, பெரிய மண்பானைகளுக்கு, மாற்றினான். இடம் போதவில்லை. மாட்டுத் தொட்டியைக் கழுவி, பழத்தைப் போட்டுக் காலால் மிதித்துக் கூழாக்கி மொடாக்களில் ஊற்றினான். மொடா வாயைத் துணியால் கட்டி மண் பூசினான்.

நாலு நாளில் வாடை கிளம்பியது.

"ரோட்டுக்கே மணக்குதுங்க."

மோந்து பார்ப்பவன் வெல்லம் என்று நினைக்கட்டும் என்று, திறந்து வெல்லத்தைத் தட்டிப் போட்டான். வாடை இன்னும் ஏறியது. கடைசியில் மொடாக்களை எருக்குழியில் புதைத்தான். எருவின் சூட்டில் குழிக்குள்ளேயே ஒன்றிரண்டு மொடா 'டப், டப்' என்று வெடிக்க ஆரம்பித்தது.

அடுத்த வாரம் கான்ஸ்டபிள் சலாவுதீன் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"கிருஷ்ணப்பண்ணே, எஸ்.ஐ. ஐயா அனுப்பினாரு. உங்க திராட்சையப் பத்தி..."

"மறைக்கலீங்க! வாங்க, நானே காட்டறேன்!"

"நீங்க சும்மா இருங்க" என்று தீர்த்தம்மாள் இழுத்த கையை உதறிவிட்டு, கிருஷ்ணப்பன் குழியில் குதித்தான். எருவைத் தள்ளி மொடாவைத் திறந்தான். சிவப்பு நுரை பொங்கி முழங்கை வரை வழிந்தது.

"எல்லாம் அந்தக் கலப்புக் கொடி பண்ணினதுங்க. நான் ஒரு தப்பும் பண்ணலீங்க."

சலாவுதீன் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மொடாவுக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஐயா வீட்டம்மா முழுகாம இருக்காங்க, புளிப்பா ரெண்டு கொத்துப் பழம் வாங்கியான்னு ஐயா அனுப்பினாருண்ணே. பழமாவே வெச்சிருந்தா ஏதுண்ணே கேசு? இதுக்குத்தான் கேசு!"